மெட்டல் நிகழ்ச்சிக்குப் போகும் வன்னிப் பிள்ளைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் அண்மைக் காலமாக கிற்றாரின் பாரமான ஒலியை அடித்தளமாகக் கொண்ட ஹெவி மெட்டல் இசையைத் தேடிக் கேட்கவும், கொழும்பில் நிகழ்ச்சி என்றால் பேருந்து பிடித்துப் போய்வரவும் தொடங்கியிருக்கிறார்கள். மின்சாரம் இல்லாத காலத்தில் துவிச்சக்கர வண்டியைக் கவிழ்த்து வைத்து, சில்லைக் கையால் சுழற்றி, டைனமோவில் ஒலிநாடா கேட்ட தலைமுறையைச் சேர்ந்த எனக்கு இது பெரிய மகிழ்ச்சி. ஆனால் இந்தப் பிள்ளைகளோடு போய்வரும்போதெல்லாம், அந்த நாளில் நாங்கள் விட்ட அதே பிழைகளை அவர்களும் வரிசையாக விடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். செருப்போடு கூட்டத்துக்குள் இறங்குவது, தண்ணீர் குடிக்காமல் நிற்பது, பாட்டு முழுவதையும் கைத்தொலைபேசியில் பிடிப்பது போன்றவற்றை ஒரு நிகழ்ச்சி முடிவதற்குள் அவர்களே உணர்ந்து திருத்திக்கொள்வார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். யாராவது எடுத்துச் சொன்னாலன்றித் தெரியவராத பிழைகளைப் பற்றியே இங்கே எழுதுகிறேன்.

புதிய தொகுப்பைக் கைத்தொலைபேசியின் ஒலிபெருக்கியில் கேட்டுத் தீர்ப்புச் சொல்வது

2015ஆம் ஆண்டு யூலை மாதத்திலிருந்து உலகின் பெரும்பாலான நாடுகளில் புதிய இசைத்தொகுப்புகள் வெள்ளிக்கிழமைகளிலேயே வெளியாகின்றன. வெள்ளி காலை பல் துலக்கும்போது கிணற்றுக்கட்டில் கைத்தொலைபேசியை வைத்து இரண்டு பாட்டைக் கேட்டுவிட்டு, மத்தியானத்துக்குள் "இந்த முறை சரியில்லை அண்ணை, பழைய பாரம் இல்லை" என்று செய்தி அனுப்புகிறார்கள். பாரம் இருக்கிறது, அதை வெளியே கொண்டுவரும் வல்லமை அந்தச் சின்ன ஒலிபெருக்கிக்குத்தான் இல்லை. சாதாரணச் சுருதியில் கிற்றாரின் மிகத் தடித்த தந்தி ஏறத்தாழ 82 ஹேர்ட்ஸிலும், பேஸ் கிற்றாரின் தடித்த தந்தி ஏறத்தாழ 41 ஹேர்ட்ஸிலும் அதிர்கின்றன. கைத்தொலைபேசியின் ஒலிபெருக்கி இந்த அடித்தளத்தை எழுப்பவே மாட்டாது.

இந்த இசையின் வரலாறே அந்த அடித்தளத்தில்தான் இருக்கிறது. பர்மிங்ஹாமில் தகட்டுத் தொழிற்சாலையில் வேலை செய்த டோனி அயோமி, 17 வயதில் இயந்திரத்தில் அகப்பட்டு வலக்கையின் இரண்டு விரல்களின் நுனிகளை இழந்தார். அவர் இடக்கையால் கிற்றார் வாசிப்பவர். தந்தியை அழுத்த வேண்டிய விரல்களே போயின. பிளாஸ்ரிக்கை உருக்கி விரல்நுனிக்கு மூடி செய்து, மெல்லிய தந்திகளைப் பூட்டி, 1971இல் வெளியான, தான் வாசித்த பிளாக் சபத் குழுவின் மூன்றாவது தொகுப்பில் தந்திகளின் இறுக்கத்தைக் குறைத்துச் சுருதியையும் கீழே இறக்கினார். அதன் பின் வந்த எத்தனையோ குழுக்கள் அந்தத் தாழ்ந்த சுருதியைத் தங்கள் மொழியாக்கிக்கொண்டன. அதையெல்லாம் வடிகட்டி எறிந்துவிட்டு மிச்சமிருக்கும் கிறுகிறுப்பைக் கேட்டுவிட்டுப் பாரம் இல்லை என்று சொல்வது அந்த உழைப்புக்குச் செய்யும் அநியாயம். வீட்டில் ஒரு நல்ல ஒலிபெருக்கிப் பெட்டி இல்லாவிட்டாலும், சுமாரான விலையில் காதை மூடி நிற்கும் ஹெட்போன் ஒன்று போதும்.

அவசரமும் இதே பிழையின் மறுபக்கம்தான். 2021இல் வெளியான அயன் மெய்டன் குழுவின் 'செஞ்சுட்சு' தொகுப்பு 80 நிமிடத்துக்கும் மேல் ஓடுகிறது; அதன் கடைசி மூன்று பாடல்களும் ஒவ்வொன்றும் 10 நிமிடத்தைத் தாண்டுபவை, மூன்றும் குழுவின் பேஸ் கிற்றார் வாசிப்பாளர் ஸ்டீவ் ஹாரிஸ் தனியாக எழுதியவை. முதற்பாதியைக் கேட்டுவிட்டு நிறுத்தியவர்கள் அந்தத் தொகுப்பின் உச்சத்தைக் கேட்கவே இல்லை. சமிக்ஞை விட்டுவிட்டு வரும் ஊர்களில் இருப்பவர்கள், வவுனியாவுக்கோ கிளிநொச்சிக்கோ போகிற நாளில் தரத்தைக் கூட்டி முழுத்தொகுப்பையும் இறக்கி வைத்துக்கொண்டு, ஒரு கிழமையாவது கேட்ட பிறகு பேசுங்கள்.

காதை மூடாமல் ஒலிபெருக்கிக்கு முன்னால் நிற்பது

இதைப் பற்றி நீளமாகவே எழுத வேண்டியிருக்கிறது. மற்றப் பிழைகளால் போவது பணமோ ஒரு மாலைப்பொழுதோதான். இதனால் போவது திரும்பி வராது. உட்செவியில் ஒலியை உணர்ந்து மூளைக்கு அனுப்பும் மயிர்க்கலங்கள் மனிதருக்கு ஒருமுறை அழிந்தால் மீண்டும் வளர்வதில்லை, அவற்றை வளர்க்கும் மருந்தும் கடையில் இல்லை. இதைத் தெரிந்துகொண்டே அலட்சியமாக நிற்கிறவர்களைக் காணும்போது எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது.

விசுவமடுப் பக்கத்துத் தம்பி ஒருவர் எங்களோடு கொழும்புக்கு வந்திருந்தார். மண்டபத்துக்குள் நுழையும் முன் சத்தத்தைக் குறைக்கக் காதுக்குள் செருகும், நுரையாலான இயர் பிளக் ஒரு சோடியைக் கையில் கொடுத்தேன். வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "அண்ணை, வற்றாப்பளைப் பொங்கலுக்கு லவுட்ஸ்பீக்கருக்குக் கீழை பாய் விரிச்சுப் படுத்த ஆக்கள் நாங்கள், இதென்ன சத்தம்?" என்று சொன்னார். பிறகு மேடையின் இடப்பக்கத்தில் அடுக்கியிருந்த பெட்டிகளுக்கு முன்னால், நெஞ்சில் அதிர்வு படவேண்டும் என்பதற்காகவே, கடைசிப் பாட்டு வரைக்கும் நகராமல் நின்றார். வெளியே வந்தபோது நான் கத்திக் கதைக்க வேண்டியிருந்தது. அதோடு விட்டாரா என்றால் இல்லை. பேருந்தில் ஏறியதும் அதே குழுவின் பாட்டுகளை இயர்போனில் போட்டு, "மெதுவாத்தான் கேக்குது" என்று ஒலியை உச்சத்துக்கு ஏற்றி வைத்துக்கொண்டே வந்தார். மாங்குளத்தில் விடியற்புறம் இறங்கி முல்லைத்தீவுப் பேருந்துக்காகக் காத்திருந்த நேரத்தில்தான், "இடது காதுக்குள்ளை வண்டு கத்துற மாதிரிக் கிடக்கு" என்றார். பகலில் அவருக்கு அது தெரிவதில்லை. ஊர் அடங்கிய பிறகு இன்னமும் கூவுகிறது.

இரண்டு பிழைகள் அங்கே நடந்தன, இரண்டாவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பெருஞ்சத்தத்துக்குப் பிறகு காது மந்தமாக இருப்பது களைத்துப்போனதன் அறிகுறி. அந்த நேரத்தில் அதற்கு வேண்டியது அமைதி. மெதுவாகக் கேட்கிறது என்று ஒலியைக் கூட்டுகிறவர், களைத்த காதின் மேல் இரண்டாவது நிகழ்ச்சியொன்றை ஏற்றுகிறார். கொழும்பிலிருந்து கிளிநொச்சி ஏறத்தாழ 330 கிலோமீற்றர். அந்த இரவு முழுவதும் காதுக்குக் கிடைக்கக்கூடிய நல்ல ஓய்வு. இயர்போனைப் பைக்குள் போட்டுவிட்டு நித்திரை கொள்ளுங்கள்.

சத்தத்தின் கணக்கு நாம் நினைப்பதுபோல் ஏறுவதில்லை. அமெரிக்காவின் தொழிற்சுகாதார ஆய்வு நிறுவனமான நியோஷ், 85 டெசிபெல் சத்தத்தில் நாளொன்றுக்கு 8 மணித்தியாலம் என்று எல்லை வைத்திருக்கிறது. 3 டெசிபெல் கூடும்போதெல்லாம் ஒலியின் ஆற்றல் இரட்டிப்பாகிறது, அனுமதிக்கப்படும் நேரம் பாதியாகிறது. அந்தக் கணக்கில் 100 டெசிபெலுக்கு வெறும் 15 நிமிடம்தான். மெட்டல் நிகழ்ச்சியில் பெட்டிகளுக்கு அருகே 100ஐத் தாண்டுவது சாதாரணம். அங்கே இரண்டு மூன்று மணித்தியாலம் நிற்பது என்ன என்பதை நீங்களே கணக்குப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் 2022இல் இசை நிகழ்விடங்களுக்காக வெளியிட்ட தரநிலை, 15 நிமிடச் சராசரி 100 டெசிபெலைத் தாண்டக்கூடாது என்றும், வருகிறவர்களுக்குக் காதுப் பாதுகாப்பு கிடைக்கச் செய்ய வேண்டும் என்றும் சொல்கிறது. நம்மிடம் யாரும் வாசலில் தரப்போவதில்லை, ஆகவே நாமே கொண்டுபோக வேண்டும்.

வன்னிப் பிள்ளைகளிடம் இதை நான் அழுத்திச் சொல்வதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. இன்று இருபதுகளில் இருப்பவர்களில் பலர் 2009இல் பதுங்குகுழிக்குள் இருந்த குழந்தைகள். அருகில் வெடிக்கும் ஒரேயொரு எறிகணை கூடச் செவிப்புலனைக் கெடுக்கப் போதுமானது. அது எவ்வளவு கெடுத்தது என்பதை அந்த நாட்களில் யாரும் அளந்து பார்க்கவில்லை. கொழும்பில் வளர்ந்த ஒருவர் தன் காதை முழுமையாக வைத்துக்கொண்டு நிகழ்ச்சிக்கு வருகிறார். நாங்கள் எதை ஏற்கெனவே கொடுத்துவிட்டு வருகிறோம் என்பது எங்களுக்கே தெரியாது. ஒருமுறையாவது செவிப்புலன் பரிசோதனை செய்துகொள்ளுங்கள் என்று நான் கெஞ்சிக் கேட்பது அதனால்தான்.

சத்தத்தால் கெடும் காது முதலில் இழப்பது 4000 ஹேர்ட்ஸை அண்டிய உயர்ந்த ஒலிகளை. தாளத்தட்டின் மினுக்கமும், தந்தியை மீட்டும் சின்னத் தகடான பிக் தந்தியில் படும் அந்தக் கூர்மையும் இருப்பது அங்கேதான். வேகமாக வாசிக்கும் குழுவொன்றில் ஒவ்வொரு அடியையும் பிரித்துக் காட்டுவது அந்தக் கூர்மையே. இந்த இசைக்காகக் காதைக் கொடுக்கிறோம் என்று பெருமை பேசுகிறவர்கள், இந்த இசையைக் கேட்கும் திறனையே முதலில் கொடுக்கிறார்கள்.

பஞ்சு உதவாது. கிழித்துத் திணித்த ரிசுவும் உதவாது. நுரையாலான இயர் பிளக் மரம் அரியும் ஆலைகளில் வேலை செய்பவர்களுக்காக விற்கப்படும் பொருள்தான், விலையும் மிகக் குறைவு. ஆனால் வாங்கியவர்களில் பெரும்பாலானோர் அதைக் காதுவாசலில் ஒட்டவைத்துக்கொண்டு நிற்கிறார்கள். சுத்தமான விரல்களால் அதை மெல்லிய குச்சியாகும் வரை உருட்டி இறுக்குங்கள். வலக்காதுக்கு என்றால் இடக்கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து செவிமடலின் மேல்பகுதியைப் பிடித்து, மேலேயும் பின்னாலும் இழுங்கள். காதுக் குழாய் நேராகும். அந்த நேரத்தில் உள்ளே செருகி, நுரை விரிந்து நிறையும் வரை அரை நிமிடமளவு விரல்நுனியால் அழுத்திக்கொண்டிருங்கள். உங்கள் சொந்தக் குரல் குடத்துக்குள் பேசுவதுபோல் கேட்டால் சரியாகப் போயிருக்கிறது. எதிரே நிற்பவருக்கு அதன் பாதி நீட்டிக்கொண்டு தெரிந்தால் எடுத்துவிட்டுத் திரும்பச் செய்யுங்கள்.

இது இசையைக் கெடுக்கிறது என்று சொல்பவர்கள் உண்டு. நுரை உயர்ந்த ஒலிகளைக் கூடுதலாக மறைப்பது உண்மைதான். அது பொறுக்காதவர்கள் எல்லா ஒலியையும் ஏறத்தாழ ஒரே அளவில் குறைக்கும், இசைக்கலைஞர்களுக்கென்று செய்த வடிகட்டி வைத்த வகையை வாங்கலாம். சின்ன மண்டபங்களில் அதைப் போட்ட பிறகுதான் பாடுபவரின் சொற்கள் எனக்குத் தெளிவாகக் கேட்கின்றன. நிற்கும் இடமும் முக்கியம். ஒலியைச் சமன்செய்பவர் மிக்சருடன் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் நில்லுங்கள், ஏனென்றால் அவர் தன் காதுக்குக் கேட்பதை வைத்தே எல்லாவற்றையும் சரிசெய்கிறார். நெஞ்சில் அதிர்வு வேண்டுமென்றால் ஒரு பாட்டுக்கு முன்னால் போய்வாருங்கள். நிகழ்ச்சிக்குப் பிறகு இரைச்சல் இரண்டு நாளுக்கு மேல் நின்றால் காது மூக்குத் தொண்டை வைத்தியரிடம் போங்கள். ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால் அன்றைக்கே போங்கள், ஏனென்றால் அந்தச் சிகிச்சையில் தாமதம் பலனைக் குறைக்கும்.

வெற்றுத் துப்பாக்கி ரவைக் கோதுகளால் இடுப்புப் பட்டி செய்வது

வேண்டாம். படங்களில் குழுக்கள் கட்டியிருப்பதைப் பார்த்து, காணிகளிலும் பற்றைகளிலும் கிடக்கும் கோதுகளைப் பொறுக்கக் கிளம்பாதீர்கள். இந்த மண்ணில் கண்ணிவெடி அகற்றும் வேலை இன்னும் முடியவில்லை. இராணுவச் சீருடையை ஒத்த புள்ளித்துணியும் வேண்டாம். கறுப்பு ரீசேட் போதும்.

கூட்டத்தில் விழுந்தவரைத் தாண்டிப் போவது

தூக்கிவிடுங்கள். பாட்டு காத்திருக்கும்.

இந்தியாவில் நிகழ்ச்சி என்றவுடன் எல்லாவற்றுக்கும் பணம் கட்டுவது

2011 ஒக்ரோபர் 28இல் டெல்லிக்கு அருகே குர்கானில் அமெரிக்க மெட்டல் குழுவான மெற்றாலிக்கா வாசிக்கவிருந்தது. பாதுகாப்புத் தடுப்பு உடைந்ததால் நிகழ்ச்சி நின்றது, கோபமடைந்த கூட்டம் மேடைப் பொருட்களை அடித்து நொறுக்கியது. இரண்டு நாள் கழித்து பெங்களூரில் அதே குழு முழு நிகழ்ச்சியையும் நடத்தியது. வீசா கையில் வருமுன் விமானச்சீட்டு எடுக்காதீர்கள். நிகழ்ச்சி முடிந்த இரவே திரும்பும்படி சீட்டு எடுக்காதீர்கள். நாள் மாற்றக்கூடிய சீட்டுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பது வீண்செலவல்ல.

அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்பது

பிளாக் சபத்தின் முதல் நால்வரும் 2025 யூலை 5இல் பர்மிங்ஹாமில் கடைசியாக ஒன்றாக வாசித்தார்கள். யூலை 22இல் அவர்களில் பாடகரான ஒஸி ஒஸ்போர்ன் காலமானார்.

நம் நாட்டுக் குழுக்களுக்கு ஒரு சதமும் கொடுக்காமல் இருப்பது

வெளிநாட்டுக் குழுவின் போலி ரீசேட்டுக்கு ஆயிரக்கணக்கில் கொடுப்பவர்கள், கொழும்பின் ஸ்டிக்மாட்டாவையோ கண்டியின் பரனாய்ட் எர்த்லிங்கையோ இலவசமாக மட்டும் கேட்கிறார்கள். ஸ்டிக்மாட்டாவின் முதல் தொகுப்பு வந்தது 2003இல். போர் நடந்துகொண்டிருந்த ஒரு சின்னத் தீவில், இந்த இசைக்கு வானொலியிலோ தொலைக்காட்சியிலோ பெரிய இடம் இல்லாத நிலையில், தொடர்ந்து வாசித்து நிலைத்தவர்கள் இவர்கள். நுழைவுச்சீட்டை நண்பரின் நண்பர் மூலம் சும்மா எடுக்கப் பார்க்காமல் காசு கொடுத்து வாங்குங்கள். நிகழ்ச்சி முடிந்ததும் பேருந்துக்கு ஓடாமல், இறுவட்டும் ரீசேட்டும் விற்கும் மேசை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அநேகமாக வாசித்தவர்களில் ஒருவரே வியர்வையோடு அங்கே நிற்பார். கிளிநொச்சியிலிருந்து வந்தோம் என்று சொல்லுங்கள், அந்தப் பக்கமும் தங்களைக் கேட்கிறவர்கள் இருப்பது அவர்களுக்குத் தெரியட்டும். பரந்தனிலோ வவுனியாவிலோ ஒரு மண்டபம் எடுத்து நடத்தினால் வருவீர்களா என்றும் கேளுங்கள்.