கழிவுநீரில் உலோகம்: சாம்பிள் எடுக்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

லேபல் ஒட்ட மறப்பது, ஐஸ் பெட்டியை ஆபீசிலேயே விட்டுவருவது இதெல்லாம் ஒருமுறை திட்டு வாங்கினால் சரியாகிவிடும், விடுங்கள். அந்தக் காலத்தில் ஃபேக்டரிகள் மேல் போட்ட கேஸை நாங்கள் கோட்டைவிட்ட அதே வேலைகளை, மலேசியாவில் சிலாங்கூரின் பெஸ்தாரி ஜெயா பக்கம் புதிதாக சாம்பிள் எடுக்க வரும் பிள்ளைகளும் செய்வதைப் பார்க்கும்போதுதான் எரிச்சல் வருகிறது.

தகர வாளி

எங்கள் வட்டாரத்தில் கையுறை ஃபேக்டரிக்குப் போனால் முதலில் பார்ப்பது துத்தநாகம். லேடெக்ஸ் கலவையில் துத்தநாக ஆக்சைடு சேர்க்கிறார்கள்; தொட்டி கழுவும் தண்ணீரோடு அது வெளியே வரும். 2009 தொழிற்சாலைக் கழிவுநீர் விதிமுறைகளில் இதன் வரம்பு லிட்டருக்கு 2.0 மில்லிகிராம், ஸ்டாண்டர்ட் ஏ, பி என்ற இரண்டு வரம்புப் பிரிவுகளுக்கும் ஒன்றேதான்.

ஒரு ஃபேக்டரியில் கடைசி மேன்ஹோல் ஆழம். கூட வந்த பையன் எங்கேயோ போய் ஒரு வாளியைக் கயிற்றோடு தூக்கிக்கொண்டு வந்தான். இறக்கி, மொண்டு, பாட்டிலில் ஊற்றியும் விட்டான்.

“தம்பி, இந்த வாளி ஏது?”

“கார்டு போஸ்ட்ல இருந்துச்சுண்ணே. நல்லாக் கழுவிட்டுத்தான் இறக்குனேன்.”

கழுவி என்ன செய்ய? தகர வாளியின் மேல்பூச்சே துத்தநாகம். அடியில் வெள்ளையாகப் பூத்துப்போய் இருந்தது, நகத்தால் சுரண்டினால் உதிர்ந்தது. கழிவுநீர் கொஞ்சம் புளிப்பாக இருந்தாலே பூச்சு கரையும். உதிர்ந்த தூளும் பாட்டிலுக்குள் போனால், உலோகம் கரைந்தே இருக்கட்டும் என்று லேப் முன்கூட்டியே ஊற்றியிருக்கும் நைட்ரிக் ஆசிட் அதையும் கரைத்துக் கணக்கில் சேர்த்துவிடும். லேப் 3 என்று ரிப்போர்ட் கொடுத்தால் அதில் ஃபேக்டரியின் பங்கு எவ்வளவு, வாளியின் பங்கு எவ்வளவு என்று எவன் பிரித்துச் சொல்வான்? ஃபேக்டரி கெமிஸ்ட் வாயே திறக்கவில்லை. போனை எடுத்து வாளியின் அடிப்பாகத்தை நாலு கோணத்தில் படம் பிடித்துக்கொண்டார். கெட்டிக்காரர்.

சாம்பிளைக் கொட்டச் சொன்னேன். வண்டிக்குப் போய் பிளாஸ்டிக் ஜாடியைக் கொண்டுவந்து இறக்குவதற்குள் உள்ளே யாரோ வால்வை அடைத்துவிட்டார்கள்; மேன்ஹோலில் ஓட்டமே இல்லை. அன்றைக்கு அவர்கள் வரம்பை மீறினார்களா இல்லையா என்பது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. எனக்கு ஆறாத கோபம் அதில்தான்.

ஆகவே சொந்தமாக ஒரு பிளாஸ்டிக் வாளியும் நைலான் கயிறும் எப்போதும் வண்டியில் இருக்கட்டும். இரும்புக் கைப்பிடி வேண்டாம். சாம்பிள் எடுக்கும் முன், லேப் கொடுத்த சுத்தமான தண்ணீரை அதே வாளியில் ஊற்றி, அதிலிருந்து ஒரு பாட்டில் நிரப்பி அனுப்புங்கள். அதில் துத்தநாகம் இல்லை என்று ரிப்போர்ட் வந்தால் வாளியைப் பற்றி வக்கீல் கேட்கும் கேள்விக்கு அதுவே பதில். கேட்டில் இலவசமாக நீட்டும் லேடெக்ஸ் கையுறையையும் போட்டுக்கொள்ளாதீர்கள், அதிலும் துத்தநாகம் உண்டு. பவுடர் இல்லாத நைட்ரைல் போதும்.

பாட்டிலை அலசாதீர்கள்

பள்ளிக்கூட லேபில் மூன்று தடவை அலசச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். உலோகத்துக்கான பாட்டிலில் லேப் முன்கூட்டியே ஆசிட் ஊற்றி அனுப்பியிருந்தால், அலசும்போது அதுவும் சேர்ந்து லோங்காங்கில், அதாவது வடிகாலில், போய்விடும். வழிய வழிய நிரப்பினாலும் அதே கதைதான். ஆசிட் இல்லாவிட்டால் உலோகம் பாட்டில் சுவரில் ஒட்டிக்கொள்ளும், ரிப்போர்ட் குறைத்துக் காட்டும். நிரப்பியபின் ஒரு சொட்டை பிஎச் தாளில் விட்டுப் பாருங்கள். 2-க்குக் கீழே இருக்க வேண்டும்.

வடிகட்டுவது

மொத்த உலோகம், அதாவது கரைந்ததும் தூளாக மிதப்பதும் சேர்த்து, கேட்டிருந்தால் வடிகட்டவே கூடாது.

ஆறு இணைதிறன் குரோமியம்

தனி பாட்டில். இது குரோமியத்தின் விஷம் கூடிய வடிவம்; நைட்ரிக் ஆசிட் ஊற்றினால் விஷம் குறைந்த மூன்று இணைதிறன் குரோமியமாக மாறிவிடலாம். முன்னதன் வரம்பு 0.05, பின்னதற்கு ஸ்டாண்டர்ட் பி-யில் 1.0. ஃபேக்டரிக்காரனுக்கு நீங்களே உதவி செய்ததாக ஆகிவிடும்.

ஏ-வா, பி-யா?

கிளம்பும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். கழிவுநீர் விழும் இடத்துக்குக் கீழே, ஆற்றோட்டத்தில், குடிநீருக்காக ஆற்றுநீர் எடுக்கும் இடம் இருந்தால் ஏ; இல்லாவிட்டால் பி. நிக்கலுக்கு ஏ-யில் 0.20, பி-யில் 1.0.

தெளிந்த தண்ணீரை நம்புவது

முலாம் பூசும் பட்டறைகளில் இது அடிக்கடி நடக்கும். கழிவுநீரில் உள்ள நிக்கல் சகதியாக நன்றாகப் படிய பிஎச் 10 பக்கம் ஏற வேண்டும், ஆனால் வெளியே விடும் தண்ணீரின் பிஎச் 9-ஐத் தாண்டக் கூடாது. சகதி படிந்து முடியும் முன்பே ஆப்பரேட்டர் ஆசிட் விட்டு பிஎச்சை இறக்கிவிட்டால், படிய வேண்டிய நிக்கல் திரும்பக் கரைந்துவிடும். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும், நிக்கல் உள்ளேயே இருக்கும். கடைசித் தொட்டியை மட்டும் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். ஆசிட் குழாய் படிவுத் தொட்டிக்கு முன்னால் இறங்குகிறதா, பின்னால் இறங்குகிறதா என்று நடந்துபோய்ப் பாருங்கள். பிஎச் பதிவேட்டை வாங்கி இரவு ஷிப்டின் பக்கங்களையும் புரட்டுங்கள்.