நொமிகாய் முடிந்து கரோக்கே போனால் என்ன பாடுவது?

ஜப்பானில் அலுவலக நொமிகாய், அதாவது வேலை முடிந்து சேர்ந்து குடிக்கும் கூட்டம், சீக்கிரமே முடிந்துவிடும். இசகாயா என்னும் மதுவும் உணவும் தரும் கடையில் இரண்டு மணி நேர நொமிஹோதாய், அதாவது எவ்வளவு குடித்தாலும் ஒரே கட்டணம். நேரம் முடிந்ததும் கடைக்காரர் வந்து பணிவாக எழுப்பிவிடுவார். பிறகு வாசலில் நின்று யார் ரயிலைப் பிடிக்கிறார்கள், யார் நிஜிகாய்க்கு வருகிறார்கள் என்று பேச்சு நடக்கும். அந்த இரண்டாம் சுற்று பெரும்பாலும் கரோக்கே அறைதான். நான் குடிப்பதில்லை. ஊலாங் தேநீரும் அதில் மது கலந்த ஊலாங் ஹாயும் பார்க்க ஒரே மாதிரி இருப்பதால் யாரும் கேட்பதுமில்லை. தெளிவாக உட்கார்ந்து பிறர் பாடுவதைப் பல வருடங்கள் கவனித்ததில் தெரிந்ததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. பாட்டைத் தேர்ந்தெடுக்கும்போது உங்கள் குரலை மறந்துவிடுங்கள். அந்தப் பாட்டில் மற்றவர்களுக்கு என்ன வேலை இருக்கிறது என்று மட்டும் பாருங்கள். அரை போதையில் இருக்கும் எட்டுப் பேருக்கு உங்கள் சங்கதிகளைக் கேட்கும் பொறுமை கிடையாது. ஆனால் கத்த ஓர் இடம் கொடுத்தால் உயிரைக் கொடுத்துக் கத்துவார்கள்.

பீஸ் குழுவின் 'அல்ட்ரா சோல்' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2001-ல் வந்தது. பல்லவியின் கடைசியில் "அல்ட்ரா சோல்!" என்று பாடியதும் அரை நொடி இடைவெளி வரும். அங்கே அறை முழுக்கக் கையை உயர்த்தி "ஹாய்!" என்று கத்த வேண்டும். அவ்வளவுதான். எங்கள் கணக்குப் பிரிவில் ஒரு மூத்த பெண்மணி, அலுவலகத்தில் ஒரு நாளைக்கு நான்கு வார்த்தை பேசுவார். அந்த "ஹாய்" வரும்போது மட்டும் கையில் இருக்கும் கண்ணாடிக் கோப்பையை மெதுவாக மேசையில் வைத்து, இரண்டு முஷ்டிகளையும் தலைக்கு மேல் தூக்கி, மற்ற எல்லோருக்கும் முன்னால் கத்துவார். பாடுகிறவர் சுருதி தப்பினாரா என்று யார் பார்க்கப் போகிறார்கள்?

இப்படி நடுவில் புகுந்து குரல் கொடுப்பதை ஐநோதே என்பார்கள். அது உள்ள பாட்டாகத் தேடுங்கள். மோர்னிங் முசுமே பெண்கள் 1999-ல் பாடிய 'லவ் மெஷின்' இந்த வகையில் தங்கச் சுரங்கம். ஒரு வரி நீங்கள் பாடினால் "வாவ் வாவ் வாவ் வாவ்" என்று மறுவரி கூட்டத்திலிருந்து வரும், அடுத்ததற்கு "யே யே யே யே". பாதிப் பாட்டை அவர்களே பாடிவிடுவார்கள். ஓட்சுகா ஐயின் 'சகுரம்போ' (2003) பாட்டில், கடைசிப் பல்லவிக்கு முன்னால் "மோ இக்காய்!", இன்னொரு தடவை, என்று ஒரு கூவல் உண்டு. அதைத் தவறவிடாமல் மைக்கை அவர்கள் பக்கம் திருப்புங்கள்.

அடுத்தது வயசுக் கணக்கு. பதினைந்து பதினாறு வயதில் கேட்ட பாட்டு யாருக்கும் மறக்காது. எனவே அறையில் இருப்பவர்களின் பிறந்த ஆண்டோடு 16-ஐக் கூட்டுங்கள். வயதை நேராகக் கேட்கச் சங்கடமாக இருந்தால், எந்த விலங்கின் ஆண்டில் பிறந்தவர் என்று கேட்பது இங்கே சகஜம். காச்சோ, அதாவது பிரிவுத் தலைவர், "காட்டுப்பன்றி" என்கிறார், முகம் ஐம்பதைத் தாண்டியிருக்கிறது என்றால் 1971. பதினாறைக் கூட்டினால் 1987. அந்த வருடம்தான் தி ப்ளூ ஹார்ட்ஸ் குழுவின் 'லிண்டா லிண்டா' வந்தது. சாக்கடை எலியைப் போல அழகாக இருக்க வேண்டும் என்று கிட்டத்தட்ட முணுமுணுப்பாகத் தொடங்கும். அந்த முதல் சில வரிகளைக் கண்ணை மூடிக்கொண்டு ரொம்பப் பவ்யமாகப் பாடுங்கள். தாளம் வெடிக்கும்போது காச்சோ தானாகவே எழுந்து குதிப்பார். பல்லவியில் பெரும்பாலும் 'லிண்டா லிண்டா' மட்டுமே வருவதால் ஜப்பானிய மொழி தெரியாதவர்களுக்கும் இது பிழைக்கும் பாட்டு.

1985-ல் பிறந்தவர்களுக்கு 2001. மேலே சொன்ன 'அல்ட்ரா சோல்' அவர்களுக்கு உரியது. ஒகினாவாவின் மோங்கோல் 800 குழு பாடிய 'சீசனா கோய் நோ உத'வும் அதே வருடம்தான். தொண்ணூறுகளின் கடைசியில் பிறந்தவர்களுக்கு ஏகேபி 48 குழுவின் 'கோய் சுரு ஃபோர்ச்சூன் குக்கீ' (2013). அதன் ஆட்டம் எவ்வளவு எளிது என்றால், கனகாவா மாகாண அரசு ஊழியர்களே ஆடிக் காணொளி வெளியிட்டார்கள்.

வயது கலந்த கூட்டமா? கணக்கே வேண்டாம். சாய்ஜோ ஹிதேகியின் 'யங் மேன்' (1979), அல்லது டா பம்ப் குழுவின் 'யூ.எஸ்.ஏ.' (2018). முன்னதில் Y, M, C, A என்று நான்கு எழுத்துகளைக் கையால் போட வேண்டும், அமெரிக்கப் பாட்டின் ஜப்பானிய வடிவம் என்பதால் உங்களுக்கும் தெரிந்திருக்கும். என் சொந்த விருப்பம் 'மட்சுகென் சம்பா 2'. தொலைக்காட்சியில் ஷோகனாக வாள் சுழற்றிய மட்சுதைரா கென், பளபளக்கும் தங்கக் கிமோனோவில் சம்பா ஆடினார். 2004-ல் நாடே அதைப் பாடியது. நடுநடுவே "ஓலே!" கத்தலாம். அறையில் கிடக்கும் தம்பூரினும் குலுக்கி ஒலிக்கும் மராக்காஸும் இந்தப் பாட்டுக்காகவே வைத்தது போல இருக்கும்.

தவிர்க்க வேண்டியவையும் உண்டு. உருக்கமான மெல்லிசை, கண்டிப்பாக வேண்டாம். ஒருவர் பாடினால் அடுத்த மூவரும் அழத் தொடங்குவார்கள். யோஅசோபியின் 'ஐடல்' மாதிரி வார்த்தைகள் கொட்டும் பாட்டு வீட்டில் கேட்க அருமை, திரையில் ஓடும் எழுத்தைத் துரத்திப் பாடுவது வேறு விஷயம். நீண்ட இடையிசை உள்ள பாட்டும் ஆபத்து. கிடார் தனியாக ஓடும் அந்த நேரத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பவருக்குக் கை எங்கே வைப்பதென்று தெரியாது, கூட்டம் போனை எடுத்துவிடும்.

கருவியைப் பற்றிக் கொஞ்சம். டாம், ஜாய்சவுண்ட் என்று இரண்டு பிராண்டுகள். டாம் கருவி என்றால் பாட்டுத் தேடும் பலகைக்கு டென்மொகு என்று பெயர், ஜாய்சவுண்டில் கியோக்குநவி. அதில் சுருதியை ஏற்ற, இறக்கப் பொத்தான் இருக்கிறது. வெட்கப்படாமல் பயன்படுத்துங்கள். 'அல்ட்ரா சோல்' மூலச் சுருதியில் நம் தொண்டைக்கு எட்டாது, இரண்டு மூன்று படி இறக்கினால் கத்தவாவது முடியும். கூடவே பாடும் வழிகாட்டிக் குரலையும் போட்டுக்கொள்ளலாம். முக்கியமாக, 'ரிரெகி'யைத் திறந்து அன்று என்னென்ன பாடப்பட்டது என்று பாருங்கள். ஒரே பாட்டை இரண்டாம் முறை போடுவதைக்கூட மன்னிப்பார்கள். துறைத் தலைவரான புச்சோவின் ஒஹாகோவை, அவர் எப்போதும் பாடும் ஆஸ்தானப் பாட்டை, அவருக்கு முன் நீங்கள் எடுப்பதை மன்னிக்க மாட்டார்கள். முந்தைய நொமிகாய்களுக்குப் போன யாரிடமாவது முதலிலேயே கேட்டு வையுங்கள்.

திரையில் கான்ஜி என்னும் சீன எழுத்துகளுக்கு மேல் ஃபுரிகானா என்று சின்ன எழுத்தில் உச்சரிப்பு வரும், ஹிராகானா என்ற ஒலியெழுத்து தெரிந்தால் போதும். அதுவும் தெரியாதவர்கள் வரிகளைத் தமிழில் எழுதிப் பழகலாம். ஜப்பானிய மொழியில் குறில் நெடில் மாறினால் தாளமே தவறும், நமக்கு அது சிரமமில்லை. ஆனால் நம் எழுத்தில் 'க' ஒன்றே என்பதால், 'தங்கம்' என்பதில் வரும் 'க' போல ஒலிக்க வேண்டிய இடத்தில் ஓர் அடையாளம் வைத்துக்கொள்வேன். பழகுவதற்கு வார நாள் பகலில் தனியாகப் போங்கள். ஹிதொகரா என்றால் யாரும் விசித்திரமாகப் பார்ப்பதில்லை, இரவை விடக் கட்டணமும் குறைவு.

அறைக்குள் நுழைந்ததும் எல்லோரும் டென்மொகுவை அடுத்தவரிடம் தள்ளுவார்கள். அப்போது இளையவர் ஒருவர் முதல் பாட்டைப் போட்டால் எல்லோருக்கும் நிம்மதி. அந்த இளையவராக நீங்களே இருங்கள். முதல் பாட்டுக்கு எதிர்பார்ப்பே கிடையாது. ஒன்று பாடியபின் அடுத்த சுற்று வரும் வரை வரிசையில் உங்கள் பெயர் வேண்டாம், தம்பூரின் தட்டுங்கள், அடுத்தவர் பானத்தை அறைத் தொலைபேசியில் சொல்லுங்கள்.

அதே தொலைபேசி நேரம் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது ஒலிக்கும், நீட்டிக்கிறீர்களா என்று கேட்பார்கள். கடைசி ரயில் கணக்குப் போட்டு யாராவது வேண்டாம் என்பார். வரிசையில் நான்கு பாட்டு மீதம் இருந்தால் ஒவ்வொன்றையும் முதல் பல்லவியோடு நிறுத்திவிட்டு, கடைசி நான்கு நிமிடத்தை எல்லோரும் சேர்ந்து பாடும் ஒன்றுக்கு ஒதுக்குங்கள். எங்கள் பிரிவில் அது எப்போதும் 'லிண்டா லிண்டா'தான், யார் தொடங்கினாலும்.