ஹாப்ஸ் தூக்கலான ரெட் ஏலைச் சுவைத்து மதிப்பிடும் முறை

ரெட் ஏல் என்னும் செந்நிற பீர் வகையில், முளைகட்டி உலர்த்திய தானியமான மால்ட் தரும் கேரமல் இனிப்பும், ஹாப்ஸ் என்னும் கொடியின் பூக்கள் தரும் கசப்பும் நறுமணமும் ஒரே கோப்பையில் மோதுகின்றன. மணம் ஆளைத் தூக்குகிறது, நிறம் கண்ணைப் பறிக்கிறது என்பதற்காக மட்டும் அதை நல்ல பீர் என்று சொல்லிவிட முடியாது. முதல் மிடறில் தொடங்கி, விழுங்கிய பின் வாயில் தங்கும் சுவை அடங்கும்வரை இவ்விரண்டும் ஒன்றையொன்று தாங்கிப் பிடிக்கின்றனவா, அல்லது ஒன்று மற்றொன்றை அமுக்கிவிடுகிறதா என்பதே மதிப்பிடுபவர் விடை காண வேண்டிய கேள்வி.

கோப்பையில் இருப்பது எந்த வகை என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். பீர் நடுவர்களுக்குச் சான்றளிக்கும் பிஜேசிபி அமைப்பின் 2015ஆம் ஆண்டு வழிகாட்டி, சில இடங்களில் ரெட் ஏல் என்றே வழங்கப்படும் அமெரிக்க ஆம்பர் ஏலுக்கு 4.5 முதல் 6.2 விழுக்காடு ஆல்கஹாலையும், கசப்பை அளக்கும் ஐபியு அலகில் 25 முதல் 40 வரையும் வரம்பாகக் குறிக்கிறது. ஹாப்ஸ் இன்னும் தூக்கலான ரெட் ஐபிஏ என்ற வகைக்கு அவ்வரம்புகள் 5.5 முதல் 7.5 விழுக்காடாகவும், 40 முதல் 70 ஐபியுவாகவும் உயர்கின்றன. ஆம்பர் ஏல் என்று விற்கப்படுவதை ரெட் ஐபிஏயின் அளவுகோலால் அளந்து, கசப்பு போதவில்லை என்று மதிப்பெண்ணைக் குறைப்பது நியாயமாகாது. ஐபியு எண்ணையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. நொதித்தலுக்குப் பின் எஞ்சும் இனிப்பு மிகுதியாக இருந்தால், 60 ஐபியு உள்ள பீர்கூட நாக்குக்கு மென்மையாகவே படும்.

சுவைப்பதற்கு முன் புட்டியில் அல்லது கேனில் அடைக்கப்பட்ட தேதியைப் பார்ப்பது அவசியம். ஹாப்ஸின் நறுமணம்தான் முதலில் மங்கும். குளிர்ச்சியில் வைக்கப்படாத பீரில் அது சில வாரங்களிலேயே தெரியத் தொடங்கும். கோப்பை நிறமற்றதாகவும், வாய்ப்பகுதி சற்றுக் குறுகியதாகவும், எண்ணெய்ப் பசையோ சோப்பின் எச்சமோ இல்லாததாகவும் இருக்க வேண்டும். ஊற்றிய பின் கண்ணாடியின் உட்சுவரில் குமிழிகள் திட்டுத்திட்டாக ஒட்டிக்கொண்டால், அது கோப்பை சரியாகக் கழுவப்படவில்லை என்பதன் அடையாளமே தவிர, பீரின் குறையன்று. மிகையான குளிர்ச்சி மணத்தையும் இனிப்பையும் மறைத்துவிடும் என்பதால், பீர் ஏறத்தாழ 8 முதல் 12 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும்போது சுவைப்பது நல்லது.

தோற்றத்தை மதிப்பிட நெடுநேரம் தேவையில்லை. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் செம்பு நிறம் முதல் செம்பழுப்பு வரை தெரியலாம். உள்ளிருக்கும் சர்க்கரை கேரமலாகும்படி வறுத்த கிரிஸ்டல் மால்ட்டோ, மிகச் சிறிதளவு சேர்த்த வறுத்த பார்லியோ இந்தச் செம்மையைத் தருகிறது. நொதித்தலின் பிற்பகுதியில், கொதிக்க வைக்காமல் நேரடியாகப் போடும் உலர்ஹாப்ஸ் சேர்க்கப்பட்டிருந்தால் லேசான கலங்கல் இருக்கக்கூடும். அதைக் குறையாகக் கொள்ள வேண்டாம்.

நறுமணத்துக்குத்தான் பொறுமை வேண்டும். ஊற்றிய உடனே, நுரை எழும்போதே, ஒரே நீண்ட மூச்சாக இல்லாமல் இரண்டு மூன்று முறை சிறிது சிறிதாக முகர்ந்து, முதலில் தோன்றியதை அப்போதே எழுதிக்கொள்ளுங்கள். சில முகர்தல்களிலேயே மூக்கு அந்த மணத்துக்குப் பழகிவிடும். பிறகு கோப்பையின் வாயை உள்ளங்கையால் மூடி, மெல்லச் சுழற்றித் திறந்து மீண்டும் முகர வேண்டும். 1972இல் வெளியிடப்பட்ட காஸ்கேட் ஹாப்ஸ் சேர்ந்திருந்தால் கிரேப்ஃபுரூட் தோலும் மலர் மணமும், சினூக் சேர்ந்திருந்தால் பைன் பிசின் மணமும் மேலெழும். இவற்றின் அடியில் டாஃபி, வறுத்த ரொட்டியின் ஓரம், உலர்பழம் போன்ற மால்ட் மணங்களைத் தேடுங்கள். சிட்ரஸ் மணம் சுத்தமாக மறைந்து, உலர்ந்த புல் போன்ற மந்தமான வாசமும், ஷெர்ரி ஒயினை ஒத்த கனத்த இனிப்பு மணமும் மட்டும் எஞ்சியிருந்தால், அது பெரும்பாலும் ஆக்சிஜன் பட்டு மூப்படைந்ததன் விளைவாகும். அதைச் செழுமையான மால்ட் என்று பாராட்டிவிடும் தவறு, இந்த வகை பீரில்தான் மிக எளிதாக நேர்கிறது.

முதல் மிடறு வாயைத் தயார்படுத்துவதற்கு. மதிப்பீடு இரண்டாவதிலிருந்து தொடங்கட்டும். நாக்கின் பின்பகுதி மட்டுமே கசப்பை உணரும் என்ற பழைய வரைபடம் தவறானது; எனவே பீரை வாய் முழுவதும் பரவவிட்டு, விழுங்கிய உடனே மூக்கின் வழியாக மூச்சை வெளியேற்றுங்கள். ஹாப்ஸின் பழ மணம் அந்த மூச்சில் மீண்டும் எழும். அடுத்து இனிப்பு எப்போது அடங்குகிறது, கசப்பு எப்போது தலைதூக்குகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கவனியுங்கள். என் கணிப்பில், நல்ல ரெட் ஏலில் கேரமல் நடுவில் தெளிவாக நின்று, முடிவில் விலகி, வாய் வறண்டதுபோல் உணரும்படி வழிவிட வேண்டும். பசை போன்ற இனிப்பு ஒட்டிக்கொண்டால் அடுத்த மிடறுக்குக் கை நீளாது. கசப்பையும் துவர்ப்பையும் பிரித்தறிவதும் தேவை: கசப்பு ஒரு சுவை, துவர்ப்போ, கொதித்துத் திரிந்த தேநீரைப் போல ஈறுகளை இழுத்துப் பிடிக்கும் உணர்வு. வறுத்த பார்லி அளவுக்கு மிஞ்சினால் கருகல் கசப்பு ஹாப்ஸின் கசப்போடு மோதிச் சுவையைக் கரடுமுரடாக்கும்.

குறைகளில், நொதித்தலின்போது உண்டாகும் டைஅசெட்டைல் என்ற சேர்மம் தரும் வெண்ணெய் மணமே இங்கு மிகத் தந்திரமானது; கேரமலும் டாஃபியும் அதை எளிதில் ஒளித்துவிடும். ஐயம் எழுந்தால் கோப்பையை இரு கைகளாலும் பொத்திச் சூடேற்றி மீண்டும் முகர்ந்து பாருங்கள். நாக்கில் வழவழப்பு சேர்ந்து தெரிந்தால் ஐயம் வலுப்படும். உலர்ஹாப்ஸில் உள்ள நொதிகள் எஞ்சிய மாச்சர்க்கரையை உடைத்து, நொதித்தலை மீண்டும் தூண்டிவிடுவதாலும் இந்த வெண்ணெய் மணம் எழலாம். ஒளி பட்டுக் கெட்ட பீரில் எழும் ஸ்கங்க் என்ற விலங்கின் நாற்றமோ, நனைந்த அட்டைப்பெட்டி வாசமோ யாருக்கும் தப்பாது.

பிஜேசிபி மதிப்பெண் தாளில் மொத்தம் 50: மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயுணர்வுக்கு 5, ஒட்டுமொத்தக் கருத்துக்கு 10. "நன்றாக இருக்கிறது" என்று எழுதுவதைவிட, "ஆரஞ்சுத் தோல் மணம் நடுத்தரம், கேரமல் மென்மை, முடிவு வறட்சி" என்று எழுதிய குறிப்பே பின்னாளில் பயன்படும். பல பீர்களைச் சுவைப்பதானால், கசப்பு குறைந்ததிலிருந்து மிகுந்ததை நோக்கிச் செல்லுங்கள். கசப்பு நாக்கில் சேர்ந்துகொண்டே போவதால், இடையே தண்ணீரும் உப்பில்லாத ரொட்டித் துண்டும் உதவும். ஒரே மாதிரியான இரண்டு ரெட் ஏல்களுக்கு வெவ்வேறு மதிப்பெண் தரும்முன், மூன்று கோப்பைகளில் இரண்டில் ஒன்றையும் மூன்றாவதில் மற்றதையும் வேறொருவரைக் கொண்டு ஊற்றச் செய்து, எது தனியானது என்று கண்ணை நம்பாமல் கண்டுபிடிக்க முயலுங்கள்; திரும்பத் திரும்பத் தவறினால், அந்த மதிப்பெண் வேறுபாட்டை அடித்துவிடலாம்.