தலைவலியை மறைக்காதீர்கள்: அன்னபூர்ணாவுக்குக் குழுவாகப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

நேபாளத்தில் அன்னபூர்ணா மலையின் அடிவார முகாமான பேஸ் கேம்புக்குப் போகும் வழியில் தேவ்ராலி என்ற இடம், சுமார் 3,200 மீட்டர் உயரம். ராத்தங்கலுக்கு ஒரு டீ ஹவுஸ், அதாவது சின்ன மலை விடுதி. எங்கள் குழுவில் எல்லோரும் பருப்பும் சோறும் இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருக்க, ஒருவர் மட்டும் தட்டை அளைந்துகொண்டிருந்தார். கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல, காலையில சரியாயிடும்" என்றார். இரவு இரண்டு முறை வாந்தி எடுத்த பிறகுதான், மத்தியானத்திலிருந்தே தலை வலிக்கிறது என்ற உண்மை வந்தது. ஏன் சொல்லவில்லை? "என்னால எல்லாருக்கும் பயணம் கெட்டுடக் கூடாதுன்னுதான்."

அன்னபூர்ணா பேஸ் கேம்ப் போகும் குழுக்களில் நான் மிகவும் பயப்படுவது இந்த நல்ல மனசுக்குத்தான். உயரத்தில் தலைவலியோடு குமட்டலோ பசியின்மையோ சேர்ந்தால், அதை மலைநோய் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு மேலே ஏறக் கூடாது. தங்கியும் குறையவில்லை என்றால் இறங்க வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால் நுரையீரலில் நீர் கோக்கிறது என்று சந்தேகப்படுங்கள். தரையில் நேர்கோட்டில் குதிகாலும் விரலும் தொட்டுத் தொட்டு நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால் மூளை வீங்கத் தொடங்கியிருக்கலாம். இந்த இரண்டுக்கும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, நள்ளிரவானாலும் கைத்தாங்கலாக இறக்க வேண்டும். எங்கள் நண்பர் கோட்டில் தடுமாறாமல் நடந்தார், மூச்சும் சீராக இருந்தது. அதனால் அவர் பக்கத்திலேயே விழித்திருந்து, பொழுது விடிந்ததும் உதவி வழிகாட்டியோடு கீழே அனுப்பினோம். போகும் வழியிலேயே தலை தெளிந்துவிட்டது.

நேபாளத்தில் மலையேறிகளின் மரணங்களை மருத்துவர்கள் ஆராய்ந்தபோது, மலைநோயால் இறந்தவர்களில் பெரும்பாலோர் ஏற்பாடு செய்த குழுக்களில் வந்தவர்கள் என்று தெரிந்தது. தனியாக வந்தவர் உடம்புக்கு முடியாவிட்டால் தங்கிவிடுவார். குழுவுக்கோ அட்டவணை இருக்கிறது, திரும்பும் டிக்கெட் இருக்கிறது. 3,000 மீட்டருக்கு மேல், தூங்கும் உயரம் ஒரு நாளில் 500 மீட்டருக்குமேல் கூடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பேஸ் கேம்ப் இருப்பது 4,130 மீட்டரில். தேவ்ராலியிலிருந்து ஒரே நாளில் அங்கே போய்ப் படுத்தால் 900 மீட்டருக்கு மேல் ஏற்றம்! நடுவில் மச்சாபுச்சரே பேஸ் கேம்ப், 3,700 மீட்டர், இருக்கிறது. அங்கே ஓர் இரவு தங்குங்கள். டிக்கெட் போடும்போதே இரண்டு நாள் உபரியாக விட்டால் இந்த நெருக்கடியே வராது.

வானிலைக்காகவும் இந்த உபரி நாள்கள் வேண்டும். 2014 அக்டோபர் 12 அன்று விசாகப்பட்டினத்தில் கரையேறிய ஹூட்ஹூட் புயல், இரண்டு நாள் கழித்து அன்னபூர்ணாவின் வடபுறத்தில் 5,416 மீட்டர் உயர தோரோங் லா கணவாயில் பெரும் பனியாகக் கொட்டியது. அந்தப் பகுதியில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வங்கக் கடலில் புயல் என்றால் நமக்குக் கடற்கரை மட்டும்தான் நினைவுக்கு வரும், இமயமலை வராது. அக்டோபரில் போகிறவர்கள் அந்தச் செய்தியையும் பாருங்கள். டீ ஹவுஸ்காரர் "இன்னைக்குப் போக வேண்டாம்" என்றால், பேரம் பேசாமல் தங்கிவிடுங்கள்.

சின்னத் தவறுகளும் உண்டு. ஆதாரை மட்டும் எடுத்துக்கொண்டு விமானம் ஏறப் போகாதீர்கள். வயது வந்தவர்களுக்குப் பொதுவாக பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை வேண்டும். புது ஷூவை அங்கே போய்ப் பிரிக்காதீர்கள். எதிரே கோவேறு கழுதைகள் வந்தால் பள்ளத்துப் பக்கம் ஒதுங்காமல் மலைச்சுவர்ப் பக்கம் ஒட்டி நில்லுங்கள். மூட்டை இடித்தால் ஆளையே கீழே தள்ளிவிடும். காப்பீடு எடுக்கும்போது எத்தனை மீட்டர் உயரம் வரை, ஹெலிகாப்டர் மீட்பு உண்டா, ராஃப்டிங் (ஆற்றின் வேகத்தில் ரப்பர் படகில் போவது) சேருமா என்று வாசித்துப் பார்த்து எடுங்கள்.

அப்புறம் ஆறு. பொக்காராவிலிருந்து காத்மாண்டு திரும்பும் சாலை திரிசூலி ஆற்றை ஒட்டியே போவதால், பல குழுக்கள் வழியில் இறங்கி ராஃப்டிங் போகின்றன. மலையே ஏறிவிட்டோம், ஆறு என்ன பெரிது என்ற எண்ணம் வந்துவிடும். இங்கேயும் வாயைத் திறக்காததுதான் முதல் தவறு. நீச்சல் தெரியாது என்பதைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு முன்வரிசையில் போய் உட்காருகிறார்கள். வழிகாட்டியிடம் சொன்னால் அவர் பார்த்து இடம் கொடுப்பார். போட்டே கோசி போன்ற மூர்க்கமான ஆறு வேண்டாம் என்றும் அவரே சொல்லிவிடுவார். பருவமழை முடிந்த கையோடு போனால் திரிசூலியிலும் வேகம் அதிகம்தான்.

லைஃப் ஜாக்கெட்டை மூச்சு முட்டுகிறது என்று தளர்த்தாதீர்கள். தோள்பட்டையைப் பிடித்து இன்னொருவர் மேலே இழுத்தால் அது காது வரை ஏறக் கூடாது. துடுப்பின் மேல்முனைக் கைப்பிடியை எப்போதும் உள்ளங்கையால் மூடிப் பிடியுங்கள். அலையில் கை நழுவினால் அதுதான் பக்கத்தில் இருப்பவரின் பல்லை உடைக்கும். தண்ணீரில் விழுந்தால் மல்லாந்து, கால்களை ஆறு போகும் திசையில் நீட்டி, விரல்கள் வெளியே தெரியும்படி மிதந்து போங்கள். முழங்கால் ஆழம்தானே என்று எழுந்து நிற்க முயலாதீர்கள். பாறை இடுக்கில் பாதம் மாட்டிக்கொண்டால், பின்னாலிருந்து வரும் வெள்ளம் ஆளை முகங்குப்புற அழுத்திவிடும். மீட்புக் கயிறு வீசுவார்கள். அதைக் கையில் சுற்றிக்கொள்ளாமல் நெஞ்சோடு அணைத்துப் பிடித்து, தோள்மேல் விட்டுக்கொண்டு மல்லாந்தபடியே இருங்கள், கரைக்கு இழுத்துவிடுவார்கள்.