பனிக்காலத்தில் நாய்க்குத் தாவல் பயிற்சி

மார்கழியில் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் விடியற்காலைக் குளிரில், எவ்வளவு துள்ளினாலும் நாயை எடுத்த எடுப்பில் தாண்ட விடாதீர்கள்; தசை பிடித்துக்கொள்ளும். பத்து நிமிடம் வாரில் நடை, பிறகு மெல்லோட்டம். புல்லில் பனி ஈரம் காய்ந்த பிறகே தாவல். வழுக்கினால் முட்டி போய்விடும்.

இரண்டு ஹாலோ பிளாக் மேல் பிவிசி பைப்பைச் சும்மா வையுங்கள். கட்டவே கூடாது: கால் பட்டால் பைப்தான் உருள வேண்டும், நாய் அல்ல. உயரம் முன்னங்கால் மூட்டைத் தாண்ட வேண்டாம். ஒரு வயது ஆகாத குட்டிக்குப் பைப் தரையிலேயே கிடக்கட்டும். எலும்பு முனைகள் இன்னும் முற்றியிருக்காது.

நாய் இடையில் புகுந்து வளைந்தோட, வரிசையாக நட்ட ஆறு குச்சிகள், 60 செ.மீ. இடைவெளி. குச்சியைத் தவறவிட்டால் திட்டாதீர்கள். பெரும்பாலும் நாம் வழிகாட்டும் கையை முந்தி நீட்டுவதுதான் காரணம். சரியாக முடித்ததும், அந்த நொடியிலேயே, அவித்த கோழித் துண்டு ஒன்று. வயிறு நிறையச் சாப்பிட்டு இரண்டு மணி நேரத்துக்குள் ஓட விடாதீர்கள்.