தெரியாத ஆப்ஷனை விழுங்கும் கருவி: கட்டளைவரியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிருஷ்ணகிரியில் என்னிடம் பைத்தான் கற்க வரும் மாணவர்களின் கட்டளைவரிக் கருவிகளை (கட்டளையைத் தட்டச்சு செய்து இயக்கும் நிரல்களை) சென்ற வாரம் திருத்தியபோது, தொடக்கக் காலத்தில் நான் செய்த பிழைகளையே மறுபடி பார்த்தேன். உதவிக் குறிப்பு எழுத மறப்பது போன்றவற்றை அவர்களே சரிசெய்துகொள்வார்கள் என்பதால் விட்டுவிடுகிறேன்.

அறியாத ஆர்க்யுமென்டை (கட்டளையோடு தரும் சொல்லை) விழுங்குதல்

மாங்கூழ் ஆலை ஒன்றின் பெங்களூரா மாங்காய்க் கொள்முதல் கணக்குக்காக நான் எழுதிய கருவியில், பதிவுகளை நீக்கும் துணைக்கட்டளை (கருவியின் பெயருக்குப் பின் தட்டும் வேலைப்பெயர்) ஒன்று இருந்தது. எதையும் அழிக்காமல், எவையெல்லாம் அழியும் என்று மட்டும் காட்டுவதற்கு '--டிரை-ரன்' என்ற ஆப்ஷனையும் (கருவியின் நடத்தையை மாற்றும் ஆர்க்யுமென்ட்) வைத்திருந்தேன். கணக்காளர் ஒருநாள் இடையிலுள்ள கோட்டை விட்டு '--டிரைரன்' என்று தட்டினார். கருவி மறுப்பேதும் சொல்லாமல் அந்தப் பருவத்தின் எடைச்சீட்டுப் பதிவுகளை அழித்துவிட்டு, 'முடிந்தது' என்று காட்டியது. சாக்குப்பையில் கட்டிவைத்திருந்த காகிதச் சீட்டுகளைப் பிரித்து, இரண்டு இரவுகள் உட்கார்ந்து மறுபடி ஏற்றினோம். இன்றும் அதை நினைத்தால் எரிச்சல் வருகிறது.

ஆர்க்யுமென்டுகளைப் படித்துப் பிரிக்கும் பைத்தானின் ஆர்க்பார்ஸ் நூலகத்தில் உள்ள 'பார்ஸ்_ஆர்க்ஸ்' என்ற செயற்கூறு, அறியாத ஆப்ஷனைக் கண்டவுடன் பிழைச்செய்தி காட்டி, 2 என்ற முடிவுக் குறியீட்டுடன் (0 என்றால் வெற்றி, வேறு எண் என்றால் தோல்வி) நிரலை நிறுத்திவிடும். நானோ 'பார்ஸ்_நோன்_ஆர்க்ஸ்' பயன்படுத்தியிருந்தேன். அது தனக்குப் புரியாதவற்றைத் தனிப் பட்டியலாகத் திருப்பித் தரும். அந்தப் பட்டியலை நான் பார்க்கவே இல்லை. வேறொரு நிரலுக்கு ஆர்க்யுமென்டுகளைக் கடத்தும் கருவிக்கு மட்டுமே அது பொருந்தும். அங்கும் கடத்த வேண்டியவற்றை '--' என்ற குறிக்குப் பின் எழுதச் சொல்வதே பாதுகாப்பு.

இயல்புக் கட்டளை

கட்டளை எதுவும் தராதபோது உதவியைக் காட்டுங்கள்; அழிக்கும் வேலையை ஒருபோதும் இயல்பாக வைக்காதீர்கள். முதல் சொல் துணைக்கட்டளையாக இல்லாவிட்டால் அதைக் கோப்பின் பெயராகக் கொள்ளும் வசதியும் ஆபத்தானது: எழுத்துப்பிழையுள்ள கட்டளை கோப்பாகிவிடும், பின்னாளில் 'அறிக்கை' என்று புதிய துணைக்கட்டளையைச் சேர்த்தால், அதே பெயரில் கோப்பு வைத்திருப்பவருக்குக் கருவியின் நடத்தையே மாறிவிடும்.

சுருக்கப் பெயர்கள்

ஆர்க்பார்ஸ் '--டிரை' என்றாலும் முழுப்பெயராக ஏற்றுக்கொள்ளும். பைத்தான் 3.5 முதல் 'அலவ்_அப்ரெவ்' என்ற அமைப்புக்கு 'ஃபால்ஸ்' (பொய்) என்ற மதிப்பைத் தந்து இதை நிறுத்தலாம்.

பிழைக்கு 0 திருப்புதல்

பிழை நேர்ந்தால் 0 என்ற முடிவுக் குறியீட்டைத் திருப்பக் கூடாது, இரவில் தானாக ஓடும் கிரான் வேலை அதை வெற்றியென்றே எடுத்துக்கொள்ளும்.