கட்டுப்பாட்டுக் காரணி கணக்குகளில் எங்கே தடுமாறுகிறோம்?

28 கிராம் நைட்ரஜனும் 5 கிராம் ஹைட்ரஜனும் இருக்கின்றன. வினை முழுமையாக நடந்தால் எவ்வளவு அம்மோனியா கிடைக்கும்? அதற்கு முதலில், இரண்டில் எது முன்னதாகத் தீரும் என்று தெரிய வேண்டும். அப்படித் தீர்ந்து, விளைபொருளின் அளவுக்கு வரம்பு போடும் பொருள்தான் கட்டுப்பாட்டுக் காரணி. இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் மூன்று விதமான தொடக்கங்களைப் பார்க்கலாம்.

முதல் ஆள், "ஹைட்ரஜன் 5 கிராம்தானே இருக்கிறது, அதுதான் முதலில் தீரும்" என்கிறார். இரண்டாமவர் மோலுக்கு, அதாவது மூலக்கூறுகளின் எண்ணிக்கையைக் குறிக்கும் அலகுக்கு, மாற்றுகிறார்: நைட்ரஜன் 1 மோல், ஹைட்ரஜன் 2.5 மோல். "ஒன்றுதான் சிறியது, ஆகவே நைட்ரஜன்" என்று முடிக்கிறார். மூன்றாமவர் ஹைட்ரஜனின் அணு நிறை 1 என்பதை நினைவில் வைத்து, வாயுவின் ஒரு மூலக்கூறில் இரண்டு அணுக்கள் இருப்பதை மறந்து, 5 மோல் என்று எழுதிவிடுகிறார். 3 மோல் போதும், 5 இருக்கிறது, அதனால் நைட்ரஜன்தான் தீரும் என்பது அவர் கணக்கு.

சரியான விடை ஹைட்ரஜன். முதல் ஆள் சொன்னதும் அதைத்தான். ஆனால் இந்த மூவரில் எனக்கு அதிகம் கவலை தருபவர் அவர்தான். மற்ற இருவருக்கும் விடை தவறு என்று உடனே தெரிந்துவிடும், திருத்திக்கொள்வார்கள். இவருக்குச் சரி விழுந்துவிடும், தவறான வழி மனதில் உறைந்துவிடும். அதே கணக்கில் ஹைட்ரஜனை 7 கிராம் ஆக்கிப் பாருங்கள். 28 கிராமுக்கு முன்னால் 7 கிராம் இன்னும் சிறியதுதான். ஆனால் அது 3.5 மோல், 1 மோல் நைட்ரஜனுக்குத் தேவை 3 மோல்தான். இப்போது தீர்ந்துபோவது நைட்ரஜன்.

கட்டுப்பாட்டுக் காரணி என்பது எடையில் குறைவாக இருப்பது அல்ல, மோலில் குறைவாக இருப்பதும் அல்ல. தேவைக்குக் குறைவாக இருப்பது. எனவே இருப்பை இருப்போடு ஒப்பிடாதீர்கள், இருப்பைத் தேவையோடு ஒப்பிடுங்கள். ஒரு நைட்ரஜன் மூலக்கூறுக்கு மூன்று ஹைட்ரஜன் மூலக்கூறுகள் சேர்ந்து இரண்டு அம்மோனியா உருவாகிறது. 1 மோல் நைட்ரஜன் முழுவதும் வினைபுரிய 3 மோல் ஹைட்ரஜன் தேவை, இருப்பு 2.5. பற்றவில்லை. அவ்வளவுதான், கட்டுப்பாட்டுக் காரணி ஹைட்ரஜன்.

இதையே சுருக்கமாகச் செய்ய ஒரு வழி உண்டு. ஒவ்வொன்றின் மோலையும் சமன்பாட்டில் அதற்கு முன்னால் உள்ள எண்ணால் வகுத்து, சிறிய ஈவு எதற்கு வருகிறதோ அதை எடுத்துக்கொள்வது. நைட்ரஜனுக்கு 1, ஹைட்ரஜனுக்கு 0.833. நல்ல வழிதான், வேகமானது. ஆனால் பலர் இங்கிருந்துதான் வழி தவறுகிறார்கள். 0.833 என்பதை மோல் என்று எடுத்துக்கொண்டு, "அம்மோனியா 0.833 மோல்" என்று எழுதிவிடுகிறார்கள். அந்த ஈவு எந்தப் பொருளின் மோலும் அல்ல. சமன்பாட்டில் எழுதியிருக்கும் வினை எத்தனை மடங்கு நடக்க முடியும் என்பதைச் சொல்லும் எண் அது. ஒவ்வொரு மடங்குக்கும் 2 அம்மோனியா வருவதால் 1.667 மோல், அதாவது சுமார் 28.3 கிராம். நைட்ரஜன் செலவாவது 0.833 மோல், மிஞ்சுவது 0.167 மோல், சுமார் 4.7 கிராம்.

இப்போது கூட்டிப் பாருங்கள். தொடக்கத்தில் 28 + 5 = 33 கிராம். முடிவில் 28.3 + 4.7 = 33 கிராம். பத்து விநாடி வேலை இது. லவாய்சியே 1789-இல் தன் நூலில் வலியுறுத்திய நிறை அழியா விதிதான், வேறு ஒன்றும் இல்லை. கணக்கின் உள்ளே எங்கே சறுக்கியிருந்தாலும் இந்தக் கூட்டல் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். ஆனாலும் இதைச் செய்பவர்கள் மிகக் குறைவு.

சமன்படுத்தாத சமன்பாட்டை வைத்துக் கணக்குப் போடுவது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எண்கள் தவறென்றால் அதன் பிறகு வருவது எல்லாம் தவறு. சமன்படுத்திவிட்டு, ஒருமுறை எண்ணியும் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

எடை போட்டது எதை?

ஆய்வுக்கூடத்தில் நடக்கும் தவறுகளில் எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுவது இது. இரும்புத் தூளைக் காப்பர் சல்பேட் கரைசலில் போட்டுத் தாமிரத்தைப் பெறும் சோதனையை எடுத்துக்கொள்வோம். ஓர் இரும்புக்கு ஒரு காப்பர் சல்பேட், ஒரு தாமிரம் வெளியே வரும். எண்கள் எல்லாம் ஒன்று, இதைவிட எளிமையான சமன்பாடு கிடைக்காது. 5 கிராம் நீலப் படிகத்தைக் கரைத்து, 1.5 கிராம் இரும்புத் தூள் போடுகிறோம்.

காப்பர் சல்பேட்டின் மோலார் நிறை, அதாவது ஒரு மோலின் எடை, 159.6 கிராம் என்று எடுத்தால் 5 கிராமில் 0.0313 மோல் இருக்கிறது. இரும்பு 0.0269 மோல். ஆகவே இரும்புதான் கட்டுப்பாட்டுக் காரணி, தாமிரம் 1.71 கிராம் வர வேண்டும். கணக்கு ஒழுங்காகத்தான் தெரிகிறது. ஆனால் நாம் எடை போட்டது நீலப் படிகம். அதில் ஒவ்வொரு காப்பர் சல்பேட்டோடும் ஐந்து நீர் மூலக்கூறுகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அதன் மோலார் நிறை 249.7. அப்படியென்றால் 5 கிராமில் இருப்பது 0.0200 மோல்தான். கட்டுப்பாட்டுக் காரணியே மாறிவிட்டது, தீர்ந்துபோவது காப்பர் சல்பேட். தாமிரம் 1.27 கிராம்தான் வரும், இரும்பில் 0.38 கிராம் மிஞ்சும்.

இதில் இன்னொரு பொறியும் இருக்கிறது. வினை முடிந்ததும் வடிகட்டி, உலர்த்தி, தாளில் இருப்பதை எடை போடுகிறோம். தாமிரமும் மிஞ்சிய இரும்பும் சேர்ந்து சுமார் 1.65 கிராம் காட்டும். தவறான கணக்கு சொன்ன 1.71-உடன் ஒப்பிட்டால் "விளைச்சல் 97 சதவீதம்" என்று வரும்! குறிப்பேட்டில் அழகாக எழுதி வைத்துவிடுவோம். இரண்டு தவறுகள் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு நல்ல விடை போல நிற்கின்றன.

இதைக் கண்டுபிடிக்கக் கணக்கு வேண்டாம், கண் போதும். கரைசலின் நீலம் முழுவதும் போய் வெளிர் பச்சை ஆகிவிட்டதா? அப்படியானால் காப்பர் சல்பேட் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். இரும்பு தீர்ந்திருந்தால் நீலம் மிஞ்சியிருக்க வேண்டும். சந்தேகம் இருந்தால், வடிதாளில் உள்ளதில் சிறிது எடுத்து நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போடுங்கள். குமிழி வந்தால் அதில் இரும்பு இருக்கிறது, ஏனென்றால் தாமிரம் அந்த அமிலத்தோடு வினைபுரியாது. புட்டியின் லேபிளில் படிக நீர் பற்றி என்ன எழுதியிருக்கிறது, தூய்மை எத்தனை சதவீதம் என்பதைப் படித்துவிட்டுத் தராசுக்குப் போகும் பழக்கம் இருந்தால் இந்தச் சிக்கலே வராது.

மில்லிலிட்டரைப் பார்த்து ஏமாறுவது

2.43 கிராம் மக்னீசியம் நாடா, 150 மில்லி அமிலம். பீக்கரைப் பார்த்தால் நாடாத் துண்டுகள் அமிலத்துக்குள் மூழ்கிக் கிடக்கும். அமிலம் தாராளமாக இருக்கிறது என்றுதான் கண் சொல்லும். அமிலம் ஒரு லிட்டருக்கு 1 மோல் செறிவுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்றால் அந்த 150 மில்லியில் இருப்பது 0.15 மோல். மக்னீசியம் 0.1 மோல். ஒரு மக்னீசியத்துக்கு இரண்டு அமில மூலக்கூறுகள் வேண்டும், ஆகவே தேவை 0.2 மோல். மீதி எல்லாம் தண்ணீர். குமிழிகள் மெல்ல மெல்ல அடங்கி, சுமார் 0.6 கிராம் மக்னீசியம் அடியில் அப்படியே கிடக்கும்.

இங்கே வேகத்தையும் அளவையும் குழப்பிக்கொள்வது உண்டு. கூடுதலாக ஒரு துண்டு மக்னீசியம் போட்டால் குமிழி வேகமாக வரும். ஹைட்ரஜனும் அதிகம் கிடைக்கும் என்று தோன்றும், ஆனால் கிடைக்காது. பரப்பு கூடியதால் வேகம் கூடியது, அவ்வளவே. அமிலம் 0.15 மோல் இருக்கும்வரை ஹைட்ரஜன் 0.075 மோலைத் தாண்டாது. அதே 0.15 மோலை 300 மில்லி தண்ணீரில் பரப்பி வைத்தாலும் மொத்த வாயு அதேதான், மெதுவாக வரும். விளைபொருளின் அளவைக் கூட்ட வேண்டுமானால் தீர்ந்துபோகும் பொருளைத்தான் கூட்ட வேண்டும்.

வாயுக் கணக்குகளில் சின்ன எச்சரிக்கை. 1 மோல் வாயு 22.4 லிட்டர் என்பது 0 டிகிரி செல்சியஸ், 1 வளிமண்டல அழுத்தத்துக்கு. அழுத்தத்தை 1 பார் என்று கொடுத்திருந்தால் 22.7 லிட்டர். அறை வெப்பநிலை என்றால் இரண்டுமே பொருந்தாது. ஒரே வெப்பநிலையிலும் ஒரே அழுத்தத்திலும் வாயுக்களை மட்டும் ஒப்பிடும்போது கனஅளவு விகிதமே மோல் விகிதம், அங்கே 22.4 தேவையே இல்லை.

கணக்கு சொல்வதும் கலனில் நடப்பதும்

கணக்கில் வரும் 28.3 கிராம் அம்மோனியா என்பது ஓர் உச்ச வரம்பு. கட்டுப்பாட்டுக் காரணி கடைசி மூலக்கூறு வரை வினைபுரிந்தால் கிடைப்பது அது. அம்மோனியா வினையோ மீள்வினை, உருவான அம்மோனியா மறுபடி நைட்ரஜனாகவும் ஹைட்ரஜனாகவும் பிரியவும் செய்யும். தொழிற்சாலையில் வாயுக்கலவை வினைகலத்தை ஒருமுறை கடக்கும்போது சுமார் 15 சதவீதம்தான் அம்மோனியாவாக மாறுகிறது. அதைப் பிரித்தெடுத்துவிட்டு மீதியைத் திரும்பத் திரும்ப உள்ளே அனுப்புகிறார்கள். ஆகவே "கட்டுப்பாட்டுக் காரணி" என்றாலே அது மிச்சமில்லாமல் தீர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. விளைச்சல் சதவீதத்தைக் கணக்கிடும்போது மிகுதியாக உள்ள பொருளை வைத்து வரம்பைக் கணக்கிட்டால், நன்றாகச் செய்த சோதனையும் மோசமானதாகத் தெரியும். எதிர்ப்பக்கம், விளைச்சல் 100-ஐத் தாண்டினால் பொருள் ஈரமாக இருக்கலாம், அல்லது வேறு ஏதோ கலந்திருக்கலாம்.

ஒரு பொருள் பற்றாக்குறையானால் வினை அப்படியே நின்றுவிடும் என்பதும் எப்போதும் உண்மை அல்ல. சில சமயம் விளைபொருளே மாறும். கார்பன் எரியும்போது ஆக்சிஜன் தாராளமாக இருந்தால் கார்பன் டை ஆக்சைடு, பற்றாமல் போனால் நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடும் சேர்ந்து வரும். ஒரே ஒரு சமன்பாட்டை எழுதி, ஆக்சிஜன்தான் கட்டுப்பாட்டுக் காரணி, மீதிக் கார்பன் கரியாகக் கிடக்கும் என்று கணக்கை முடித்தால் தாளில் சரியாக இருக்கும், அடுப்பில் இருக்காது.

மூன்றாவது ஆள்

இரண்டு பொருள்களை ஒப்பிட்டே பழகியதால் மூன்றாவதை மறந்துவிடுகிறோம். பொட்டாசியம் பெர்மாங்கனேட்டை ஆக்சாலிக் அமிலத்தோடு தரம் பார்க்கும்போது (ஒரு கரைசலை மற்றொன்றில் துளித்துளியாகச் சேர்த்து, வினை முடிய எவ்வளவு தேவை என்று அளக்கும் டைட்ரேஷன்) சல்ஃபூரிக் அமிலமும் வினைபடுபொருள்தான். 2 பெர்மாங்கனேட்டுக்கு 5 ஆக்சாலிக் அமிலம், 3 சல்ஃபூரிக் அமிலம். "அமிலம் சும்மா சூழலுக்காக" என்று நினைத்துக் குறைவாக ஊற்றினால், குடுவையில் பழுப்புக் கலங்கல் வரும். அது மாங்கனீஸ் டை ஆக்சைடு. அமிலம் கட்டுப்பாட்டுக் காரணி ஆகி, வினை வேறு பாதைக்குத் திரும்பிவிட்டது என்பதன் அடையாளம். அந்த அளவீட்டைக் கீழே கொட்டிவிட்டு மறுபடி தொடங்குவதுதான் வழி.

அமிலம் போதுமான அளவு இருந்தால் இந்தச் சோதனையிலேயே கட்டுப்பாட்டுக் காரணியைக் கண்ணால் பார்க்கலாம். 60, 70 டிகிரி சூட்டில் குடுவை இருக்கிறது, பியூரெட் என்ற அளவுக் குழாயிலிருந்து துளித்துளியாகப் பெர்மாங்கனேட் விழுகிறது. முதல் சில துளிகளின் நிறம் போகக் கொஞ்சம் நேரம் எடுக்கும். அதைப் பார்த்து முடிவுநிலை, அதாவது வினை முடிந்த கட்டம், வந்துவிட்டது என்று நிறுத்திவிடாதீர்கள், வினையை வேகப்படுத்தும் மாங்கனீஸ் அயனி இன்னும் போதிய அளவு உருவாகவில்லை, அவ்வளவுதான். அப்புறம் ஒவ்வொரு துளியும் விழுந்த உடனே நிறம் இழக்கும். அதுவரை பெர்மாங்கனேட்தான் பற்றாக்குறை, வந்த வேகத்தில் தீர்ந்துபோகிறது. பிறகு ஒரு துளி விழும், குடுவையைச் சுழற்றினாலும் வெளிர் இளஞ்சிவப்பு போகாது. அந்தத் துளியில் ஆக்சாலிக் அமிலம் தீர்ந்து, பெர்மாங்கனேட் மிகுதிப் பொருளாக மாறிவிட்டது. பியூரெட்டின் குழாயைத் திருகி மூடி, அளவைக் குறித்துக்கொள்ளலாம்.